எட்டு லட்சம் கட்டி இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போகலாமா?

2025 ஆகஸ்ட் 30 | கேள்வி, கோவில்பட்டியிலிருந்து

பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. தனியார் மருத்துவமனை ஐசியூவில் இருக்கேன், சம்பளம் 19,000. கணவர் செல்போன் கடை வெச்சிருக்கார். ரெண்டு பிள்ளைங்க, பெரியவன் யுகேஜி. மதுரையில ஒரு ஏஜென்ட் எட்டு லட்சம் கேட்கிறார். ஐஇஎல்டிஎஸ் வேண்டாம், முதல்ல கேர் ஒர்க்கர் விசாவில போய்ச் சேருங்க, ஒரு வருஷத்துல நர்ஸா மாறிக்கலாம், குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்றார். மூணு லட்சம் முன்பணம். நகையை அடகு வெச்சா புரட்டிடலாம். இப்ப விட்டா வயசு போயிரும்னு இருக்கு. அங்க இருக்கிற அக்காமார் யாராவது சொல்லுங்க.

ஆகஸ்ட் 30, இரவு | பதில், இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்காவிடமிருந்து

பணம் கட்டாதீங்க. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

கேர் ஒர்க்கர் (பராமரிப்புப் பணியாளர்) விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22 அன்று நிறுத்திவிட்டது. சீனியர் கேரர் என்றாலும் அதே கதைதான். அதற்கு முன்பே, 2024 மார்ச் 11 முதல், அந்த விசாவில் புதிதாக வருபவர் கணவரையோ பிள்ளைகளையோ அழைத்துவர முடியாது என்றாகிவிட்டது. உங்கள் ஏஜென்ட் சொன்ன இரண்டு வாக்குறுதியும் இன்று நடக்காத காரியம். அவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஆகஸ்ட் 31

அந்த ஏஜென்ட் கதையில் ஒரு அரை உண்மை இருக்கிறது. அதனால்தான் படித்த பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். அதை விளக்கிவிடுகிறேன்.

இங்கே நர்ஸாகப் பதிவு செய்யும் அமைப்பு என்எம்சி. 2023இல் ஆங்கிலத் தேர்வு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஏற்கனவே பிரிட்டனில் மருத்துவம் அல்லது பராமரிப்புத் துறையில் குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்தவர், ஆங்கிலத்தில் நர்சிங் படித்திருந்தாலோ தேர்வில் அரை மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தாலோ, மேலதிகாரியிடம் ஆங்கிலத் திறன் பற்றிய உறுதிச் சான்று வாங்கிக் கொடுக்கலாம். நம்ம ஊர் பி.எஸ்சி. நர்ஸ்கள் பலர் கேரராக வந்து இந்த வழியில் நர்ஸ் ஆனது உண்மை. ஆனால் அந்தக் கதவுக்கு வந்து சேர இருந்த ரோடே ஜூலையில் அடைபட்டுவிட்டது. பழைய கதையை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நான் முதலில் தங்கிய வீட்டில் பக்கத்து அறையில் ஒரு பிள்ளை இருந்தாள், தேனிப் பக்கம். பத்து லட்சத்துக்கு மேல் கட்டி வந்தவள். வாரம் 39 மணி நேரம் வேலை என்று ஒப்பந்தத்தில் இருந்தது, கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. வண்டி இல்லாததால் வீடு வீடாகப் போகும் ஷிஃப்ட் கிடைக்கவில்லை. பிறகு வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அந்தக் கம்பெனிக்கு இருந்த ஸ்பான்சர் உரிமம் ரத்தானது. அப்படி ஆனால் வேறு ஸ்பான்சர் தேட அரசு கொடுப்பது வழக்கமாக 60 நாள். அந்த இரண்டு மாதமும் அவள் ராத்திரி தூங்கி நான் பார்க்கவில்லை. ஊரில் கடன் கொடுத்தவர்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தார்கள். கடன் இல்லாமல் வந்திருந்தால் மறு விமானத்தில் வீட்டுக்குப் போயிருப்பாள். அவளைக் கட்டிப்போட்டது விசா அல்ல, வட்டி.

நகை அடகு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவள் ஞாபகம்தான் வந்தது.

செப்டம்பர் 2

சரியான வழிக்கு என்ன செலவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்எம்சியில் தகுதி மதிப்பீட்டுக்கு 140 பவுண்டு. சிபிடி எனும் கணினித் தேர்வுக்கு 83, அதைச் சென்னையிலேயே எழுதலாம். இங்கே வந்தபின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கு 794. பதிவுக் கட்டணம் 153. ஆங்கிலத் தேர்வு தனி, ஐஇஎல்டிஎஸ் என்றால் 18,000 ரூபாய் அளவில் வரும். நம்ம ஊர் நர்சிங் கவுன்சில் சான்று, காசநோய்ப் பரிசோதனை, விசா எல்லாம் இதற்கு மேல்.

ஆஸ்கி கட்டணம், விமான டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆள் எடுக்கும் மருத்துவமனையே ஏற்கும். ஆக வேலை உறுதியாகும் வரை உங்கள் கையிலிருந்து போவது அரை லட்சத்தை ஒட்டித்தான். எட்டு லட்சம் எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்க.

ஆளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறையே சொல்கிறது. அந்த நெறிமுறையை ஏற்ற ஏஜென்சிகளின் பட்டியலை, இங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வேலை தருவோர் அமைப்பான என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ் வெளியிடுகிறது. உங்கள் ஏஜென்சி பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியாவிலும் ஏஜென்ட் என்றால் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு எண் வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்க முடியாது. அந்த எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

செப்டம்பர் 3

மதிப்பெண் பற்றிப் பலர் தனியாகக் கேட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்றால் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் மூன்றில் பி, எழுதுவதில் சி பிளஸ். ஒரே தடவையில் எல்லாம் வர வேண்டும் என்பதில்லை. ஒரு வருஷ இடைவெளிக்குள் எழுதிய இரண்டு தேர்வின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். எந்தப் பிரிவும் தேவையான அளவுக்கு அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஐசியூவில் இருப்பவர்களுக்கு ஓஇடி கைகொடுக்கும் என்பது என் எண்ணம். டிஸ்சார்ஜ் லெட்டர், ரெஃபரல் லெட்டர் என்று நாம் தினம் பார்க்கும் விஷயம்தான் அதில் வருகிறது. நகரங்கள் பெருகுவதன் நன்மை தீமை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நைட் டியூட்டி முடித்து வந்தவளுக்கு என்ன வரும்?

செப்டம்பர் 7

ஞாயிறு. டியூட்டி இல்லை, நிதானமாக எழுதுகிறேன். சம்பளக் கணக்கு.

இங்கிலாந்தில் புது நர்ஸ் சேரும் படிநிலை பேண்டு 5. 2025-26க்கு அதன் தொடக்கச் சம்பளம் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. வாரம் 37.5 மணி நேரம். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக மாதம் கையில் வருவது 2,000 பவுண்டுக்குச் சற்றுக் கீழே. ரூபாயில் பெருக்கினால் இரண்டே கால் லட்சம் தாண்டும், ஊரில் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் நீங்கள் செலவழிக்கப்போவதும் பவுண்டில்தான்.

நான் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். இங்கேயே இரண்டு படுக்கையறை வீடு 900 பவுண்டுக்குக் குறைந்து கிடைப்பதில்லை. அதன் மேல் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு, பஸ். குளிர்காலத்தில் ஹீட்டருக்கு ஆகும் காசை எந்த ஏஜென்டும் சொல்லமாட்டார். கணவர் வேலைக்குப் போகாத வரை நான்கு பேர் ஒரு பேண்டு 5 சம்பளத்தில் இருந்தால் மாதக் கடைசியில் கையில் நிற்பது ரொம்பக் கொஞ்சம். அதிலிருந்து எட்டு லட்சத்துக்கு வட்டி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. இரவு டியூட்டிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம் கூடுதல், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம். நர்ஸுக்குத் தரும் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வருபவருக்கும் குடும்பத்துக்கும் ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இலவசம். நர்ஸாக வந்தால் குடும்பத்தை அழைத்துவர இன்றும் தடை இல்லை, கணவருக்கு வேலை செய்யும் உரிமையும் உண்டு.

சவூதியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். வரி இல்லை, தங்குமிடமும் வண்டியும் அவர்களே கொடுத்தார்கள், சேமிப்பு என்று பார்த்தால் அதுதான் கூடுதலாக இருந்தது. எங்க வீட்டு மாடி சவூதிக் காசில் எழும்பியது. ஆனால் தனியாக இருந்தேன். மகளுக்கு முதல் பல் விழுந்ததை வீடியோ காலில் பார்த்தேன். எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் பார்த்தால் வளைகுடா, குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றால் இந்தப் பக்கம். என்னைக் கேட்டால் கணக்கு அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

வளைகுடா என்று நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் விசிட் விசாவில் போய் வேலை தேடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போக, பாஸ்போர்ட் எதுவானாலும் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்று 2015இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978 முதல் இயங்குகிறது. அங்கே பதிவு செய்து வையுங்கள். தாமதம் ஆகும்தான். ஆனாலும் என்ன ஊர், என்ன மருத்துவமனை, என்ன சம்பளம் என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

செப்டம்பர் 14

"ஐசியூ அனுபவம் இருக்கு, வேலை சுலபமா இருக்கும்ல அக்கா?"

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஊரில் நீங்கள் வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் வருவதற்குள் லைன் போட்டு, ரத்தம் எடுத்து, பாதி வேலையை முடித்திருப்பீர்கள். இங்கே வந்ததும் கேனுலா என்ற ஊசிக்குழாய் போட, ஊசி மருந்து கலந்து நரம்பில் ஏற்ற, அவர்கள் பயிற்சி முடித்து ஒருவர் கையெழுத்துப் போடும் வரை அனுமதி இல்லை. அது வரை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தொழில் தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கஷ்டம், பல பேர் மனசு உடைவது இந்த மாதங்களில்தான்.

இன்னொன்று, இங்கே அட்டெண்டர் கிடையாது. நோயாளியோடு ராத்திரி தங்கும் மகளோ மருமகளோ கிடையாது. ஊரில் குளிப்பாட்டுவது, துடைப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் வீட்டு ஆட்களும் ஆயாம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அது நர்ஸுக்கும் உதவியாளருக்கும் உரிய வேலை.

நான் வயதானவர்கள் வார்டில் இருக்கிறேன். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டீயில் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். எவ்வளவு கெட்டி என்பதற்கு நிலை 1, 2, 3 என்று அளவு உண்டு. பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எழுதிவைத்த அளவைப் பார்த்து, கலக்கி, கட்டி விழாமல் இருக்கிறதா என்று கரண்டியைத் தூக்கிப் பார்த்து, பிறகு உட்கார்ந்து மெல்ல மெல்லக் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டிக்கு ஒரு கப் கொடுக்க அரை மணி நேரம் போகும். ஆரம்பத்தில் இதற்காகவா நாலு வருஷம் படித்தேன் என்று இருந்தது. இப்போது நான் மனசுக்கு நிறைவாகச் செய்யும் வேலைகளில் இது ஒன்று. அந்தப் பாட்டிக்கு நிமோனியா வராமல் வீட்டுக்குப் போனதில் என் பங்கும் உண்டு. இதை வேலையாகவே மதிக்காதவர்கள் இங்கே வந்து ரொம்பத் திணறுகிறார்கள்.

ஆஸ்கியில் பத்து ஸ்டேஷன், அதாவது பத்து கட்டம். மதிப்பிடு, திட்டமிடு, செய், சரிபார் என்று ஒரே நோயாளியைத் தொடரும் நாலு, செய்முறைத் திறனுக்கு நாலு, பேசாமல் எழுதித் தரும் இரண்டு. இங்கே வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் தடவை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் தேறியிருக்க வேண்டும். கை நன்றாகத் தெரிந்தவர்களும் வாயால் சொல்லாமல் செய்து மதிப்பெண்ணை விடுகிறார்கள். "இப்போது நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிச் செய்ய வேண்டும். ஊரிலேயே டியூட்டியில் மெதுவாக முணுமுணுத்துப் பழகுங்கள்.

அப்புறம் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது. கல் வைக்காத ஒரு மோதிரம் மட்டும் சரி. வளையலைக் கழற்ற மாமியார் ஒப்புக்கொள்வாரா என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தாள். டியூட்டி முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், அவர் மனசு கோணாது.

செப்டம்பர் 21

ஜெர்மனி பற்றிக் கேட்ட தஞ்சாவூர்த் தம்பிக்கு.

நான் அங்கே வேலை பார்த்ததில்லை. என்னோடு சவூதியில் இருந்த மலையாளித் தோழி போயிருக்கிறாள், அவள் சொன்னதையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். கேரளா தன் நோர்க்கா ரூட்ஸ் என்ற அரசு நிறுவனம் மூலம் ஜெர்மன் அரசோடு டிரிபிள் வின் என்ற திட்டத்தில் 2021 டிசம்பரில் சேர்ந்தது. ஆளிடம் கட்டணம் வாங்காமல் மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். அவள் அப்படிப் போனவள், ஒரு பைசா கடன் இல்லை.

மொழிதான் மலை. பொதுவாக ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்துப் போய், அங்கே உதவியாளராக வேலை செய்துகொண்டே அடுத்த நிலையான பி2 எடுத்து, நம்ம படிப்பை அவர்கள் படிப்புக்கு இணையாக ஏற்பதற்கான பயிற்சியையோ தேர்வையோ முடித்தால்தான் முழு நர்ஸ். ஆங்கிலத் தேர்வுக்கு ஆறு மாதம் என்றால் இதற்கு ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் தொடக்க நிலையான ஏ1 சேர்ந்து பாருங்கள். அது பிடித்திருந்தால் மேலே யோசிக்கலாம். முதியோர் பராமரிப்பில் தகுதி பெற்ற நர்ஸுக்குக் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 20.50 யூரோ. திறன் பணியாளராக மூன்று வருஷத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப் போடலாம். கல்யாணம் ஆகாத 24 வயசுப் பையனுக்கு நான் இங்கிலாந்தை விட ஜெர்மனியைத்தான் சொல்வேன்.

செப்டம்பர் 28

"எல்லாரும் போயிட்டா இங்க நோயாளிய யார் பார்ப்பாங்க? படிக்க வெச்சது இந்த மண்ணு" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் நர்ஸுக்கு அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்கும் குறைவான சின்ன மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறைக்கக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. ஒன்பது வருஷம் ஆச்சு. ஐசியூவில் நிற்கும் கோவில்பட்டித் தங்கச்சிக்கு இன்று 19,000. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சின்ன கிளினிக்குக்குச் சொன்ன தொகைக்கும் கீழே.

அரசு வேலை என்று பார்த்தால், 2015இல் எம்ஆர்பி என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வந்தவர்களைத் தொகுப்பூதியமாக 7,700 ரூபாய்க்கு எடுத்தார்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் தரையில் உட்கார்ந்தார்களே, அது இதற்காகத்தான். என்னோடு படித்தவள் கைக்குழந்தையோடு அங்கே இருந்தாள். அவள் இன்னும் ஊரில்தான் இருக்கிறாள், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறாள். நான் அவளை நினைத்துப் பெருமைப்படாத நாள் இல்லை. இருக்கச் சொல்பவர்கள் முதலில் அவளுக்கு என்ன கொடுத்தோம் என்று சொல்லட்டும்.

பெரியவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் ஐசியூவை விட்டு வந்தபோது எனக்குப் பதிலாக வந்த பிள்ளை படிப்பு முடித்துச் சில மாதமே ஆனவள். நாலு பெட்டை அவள் தலையில் வைத்துவிட்டு வந்தேன். அது இன்னும் உறுத்தும். ஆனாலும் அவளைத் தனியாக நிற்கவிட்டது நான் மட்டும் இல்லை.

செப்டம்பர் 29

பெரியவர் நல்லபடியாகப் பதில் எழுதியிருந்தார். அவர் மகளும் நர்ஸ் என்று இப்போதுதான் சொல்கிறார்!

அக்டோபர் 12

கணவர் விஷயத்தை யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன், இதில்தான் நிறைய வீடு ஆட்டம் காண்கிறது.

ஊரில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது. தெருவில் போனால் நாலு பேர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். இங்கே வந்தால் முதல் வருஷம் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை, அல்லது உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவருடைய விசா உங்கள் விசாவில் தொங்கும். நீங்கள் நைட் டியூட்டி போனால் பிள்ளைக்குச் சாப்பாடு, பள்ளி, துணி எல்லாம் அவர் பொறுப்பு. பார்த்துக்கொள்ள மாமியார் பக்கத்தில் இருக்கமாட்டார். என் கணவர் மதுரையில் சொந்தமாக வண்டி வைத்து ஓட்டியவர். இங்கே முதல் குளிர்காலம் முழுக்க அதிகம் பேசவே இல்லை. இப்போது பஸ் டிரைவராக இருக்கிறார், நிமிர்ந்துவிட்டார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நாங்கள் இருவரும் பட்டது கொஞ்சம் இல்லை. அதனால் உங்களவர் கடையை உடனே விற்கக் கூடாது. நீங்கள் முதலில் வந்து ஆஸ்கி தேறி, வீடு பார்த்து, அதற்குப் பிறகு அவர் வரட்டும்.

ஊர் எப்படி, பாதுகாப்பா என்றும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் கலவரம் நடந்தபோது சண்டர்லாந்தில் டியூட்டிக்கு டாக்ஸியில் போன இரண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ்களைத் தாக்கினார்கள். அந்த வாரம் எங்கள் வார்டில் இரவு முடிந்து யாரும் தனியாக பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. உள்ளூர் உதவியாளர்கள் தங்கள் காரில் ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் விட்டார்கள். இரண்டும் இந்த நாட்டில்தான் நடந்தது, இரண்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

அக்டோபர் 13

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பெற்றோரை விட்டுவிட்டேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்தபோது வாரம் மூன்று நாள் தம்பிதான் அழைத்துப் போனான். ஊசி குத்தும் இடம் வீங்கியிருப்பதை போட்டோவில் பார்த்து இங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கே நர்ஸ், அப்பாவுக்கு இல்லை. அவர் போனபோதும் நான் விமானத்தில்தான் இருந்தேன். பணத்தால் நல்ல வைத்தியம் பார்க்க முடிந்தது, அதுவும் உண்மை. வீட்டில் கூடப் பார்த்துக்கொள்ள ஒரு அண்ணனோ தங்கையோ இருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் ஒரே பிள்ளை என்றால் நான் இவ்வளவு தைரியமாகப் போங்கள் என்று சொல்லமாட்டேன்.

அக்டோபர் 19

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை அங்கேதான் இருக்கும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும், மாதம் ஆக ஆகத் தொகை குறைய வேண்டும். வந்து இரண்டு வருஷம் ஆகப்போகும்போதும் முழுத் தொகை கேட்கும் தாளில் கையெழுத்துப் போடாதீங்க. பிரிட்டன் நெறிமுறையும் தொகை நியாயமானதாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஊரிலும் இதே கதை உண்டே. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது பணம் கட்டினால்தான் தருவேன் என்றார்கள். சவூதி நேர்காணலுக்கு நகலோடு போய் நின்றேன். உங்கள் அசல் இப்போது யார் கையில் இருக்கிறது? மருத்துவமனையில் என்றால் இன்றைக்கே அதற்கு வழி பாருங்கள்.

நவம்பர் 23

புதுச் செய்தி. மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கையில் நிரந்தர வசிப்புரிமைக்கு 5 வருஷத்துக்குப் பதில் 10 வருஷம் என்று சொன்னதும் இங்கே எல்லோரும் கலங்கிப்போனோம். இந்த வாரம் விவரம் வந்திருக்கிறது. பொதுவாக 10 வருஷம், என்எச்எஸ்ஸில் பணிபுரியும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் 5 வருஷமே என்று அறிவித்திருக்கிறார்கள். கேரர்களுக்கு 15 வருஷம் என்ற யோசனை இருக்கிறது, என் தேனித் தோழிக்கு போன் பண்ணினேன், அழுதாள். 2025 நவம்பரில் இது கருத்துக்கேட்பில்தான் இருந்தது, சட்டம் ஆகியிருக்கவில்லை. 5 வருஷம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள்.

வேலையும் முன்பு போல் இல்லை. இங்கே படித்து வெளிவரும் நர்ஸ்களுக்கே இடம் கிடைக்காமல், அவர்களுக்கு வேலை உறுதி செய்யும் திட்டத்தை ஆகஸ்டில் அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆள் எடுப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. அதனால் தேர்வை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டி வரலாம். ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை செய்த நர்ஸுக்கு ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் சுருக்கமான பதிவு வழி திறந்திருக்கிறது. எங்கள் வார்டிலேயே மூட்டை கட்டியவர்கள் உண்டு.

டிசம்பர் 7

தங்கச்சி ஏஜென்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள், பிப்ரவரியில் ஓஇடி எழுதப்போகிறாள், சம்பளத்தில் சேர்த்த காசு. படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கிலாந்தா, வேறு நாடா, ஊரிலேயே இருப்பதா என்பதை மதிப்பெண் வந்தபின் முடிவு செய்யட்டும், அவசரம் இல்லை. 31 வயசு ஒன்றும் வயசே இல்லை, என் பேட்சில் 43 வயசில் வந்தவர் இருந்தார்.

அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பல மாதம் இழக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து இனிஷியல், நர்சிங் கவுன்சில் பதிவில் அப்பா பெயர் விரித்து, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்து என்று மூன்று தாளில் மூன்று பெண்ணாக இருப்போம். என்எம்சியில் அது நிற்கும். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிப் பாருங்கள். பெயரோ பிறந்த தேதியோ ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்த மனுப் போடுங்கள். கவுன்சில் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள், சரிபார்ப்புச் சான்றை அவர்கள் நேரடியாகத்தான் அனுப்ப வேண்டும். சாந்தோம் அலுவலகத்துக்கு நேரில் போவதாக இருந்தால் கல்லூரி மதிப்பெண் பட்டியலின் நகல்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே நடையில் முடியும்.